மூன்று ஏஸைக் கமத்தியவர்

ஜெயிக்கிற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் இல்லை" என்று சிரித்தபடி விலகிக்கொள்ளும் மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவரும் தேங்காய்ப்பட்டணத்தில்தான் இருக்கிறார். கவிழ்ப்பதை எங்கள் பக்கம் கமத்துவது என்பார்கள். ஆகவே அவர் கமத்து அண்ணாச்சி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைக் கேட்டால் அவரே சற்று யோசித்துத்தான் சொல்வார்.

மீன் ஏலம் விளிப்பது அவர் தொழில். முப்பத்தெட்டு வருடம் கடற்கரையில் நின்று கத்தியதில் மனித உடம்பைப் படிக்கக் கற்றிருந்தார். நெய்மீன் கேட்க வந்தவன் மூக்கைச் சொறிந்தால் இன்னும் ஏறுவான். லுங்கியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினால் அதோடு அவன் நிறுத்திக்கொள்வான். நானோ புள்ளியியல் துறையில் தென்னை மரங்களை எண்ணியே ஓய்வுபெற்றவன். எண்ணாமல் எதையும் நம்ப மாட்டேன்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு அவர் வீட்டு முற்றத்தில் ஆட்டம் தொடங்கும். ஆளுக்கு மூன்று சீட்டு. தைரியமிருந்தால் பந்தயத்தை ஏற்றலாம், இல்லாவிட்டால் சீட்டைக் கமத்திவிட்டு விலகலாம். ஆடுபவர்கள் மூன்று பேர்: அண்ணாச்சி, நான், பதினொரு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்த ஸ்டீபன். பந்தயம், ஏத்தங்காய் வற்றல், அதாவது நேந்திரங்காய் சிப்ஸ். ஜெயித்தவர் குவியலைத் தின்னலாம். எனக்கு ஒரு நாளைக்கு ஆறு வற்றல்தான் என்று டாக்டர் சொல்லியிருப்பதால், ஜெயித்தாலும் எனக்குக் கவலைதான்.

ஒருநாள் அண்ணாச்சி மூன்று ராஜாவைக் கமத்தினார். நான் ஆட்ட விதியை மீறி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

"ஓய், மீதியுள்ள சீட்டுல பதினெட்டாயிரத்து நானூத்தி இருபத்திநாலு விதமா மூணு சீட்டு வரலாம். அதுல உம்மள ஜெயிக்கது நாலே நாலு விதம்தான். நாலுக்குப் பயந்தீரா?"

"நான் கணக்கைப் பாக்கல்ல சாரே. ஸ்டீபனுக்க தொண்டையப் பாத்தேன். எச்சி முழுங்காம இருந்தான்."

ஸ்டீபன் மூன்று ஏஸை விரித்தான். எனக்கு அன்று ரத்த அழுத்தம் ஏறியது.

அடுத்த மாதம் இதைவிடப் பெரிய அக்கிரமம் நடந்தது. அண்ணாச்சி கையில் இப்போது மூன்று ஏஸ். அதற்கு மேல் சீட்டே கிடையாது. ஸ்டீபன் முகத்தை ஒரு கணம் பார்த்தார், கமத்திவிட்டார். ஸ்டீபன் காட்டியது ஒரு ரெண்டு, ஒரு அஞ்சு, ஒரு ஒன்பது. உருப்படாத சீட்டு. அவன் மனைவி தக்கலைக்குப் பஸ் ஏறியதைப் பார்த்த சந்தோஷத்தில், இனி நிம்மதியாகச் சிகரெட் பிடிக்கலாம் என்று முகம் மலர்ந்திருக்கிறான்!

"மூணு ஏஸை ஜெயிக்க ஒலகத்துல ஒண்ணுமே கெடையாது ஓய்!" என்று கத்தினேன்.

"அவனுக்க மொகத்துல அதுக்கும் மேல என்னமோ இருந்தே சாரே!"

இப்படிப்பட்டவருக்குத்தான் நான் எல்லை வழக்கில் உதவப் போனேன். அடுத்த வீடு அவர் மனைவி மேரியக்காவின் தம்பி சேவியருடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவே பதினான்கு அங்குல அகலத்தில் ஒரு துண்டு நிலம். அதில் ஒரு பலாமரம். அது யாருக்கு என்பதில் ஆறு வருடமாகச் சண்டை. அந்த ஆறு வருடமும் அக்காவும் தம்பியும் பேசவில்லை.

அண்ணாச்சி பக்கம் நியாயம் அசைக்க முடியாதது. பத்திரம், வரைபடம், பழைய அளவுச்சீட்டு என்று இருபத்துமூன்று ஆவணங்களை எண்ணிட்டு அடுக்கி, இரண்டு பிரதியும் எடுத்தேன். தாலுகா அலுவலகத்தில் விசாரணை. மேரியக்காவும் மதியச் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வந்திருந்தார். சேவியர் ஒரு துணிக்கடைப் பையில் ஒற்றைத் தாளோடு வந்திருந்தான். அதுவும் கரண்ட் பில்.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் முதல் ஆவணத்தைப் பிரித்தார். அண்ணாச்சி மச்சினனை ஒருமுறை பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

"வேண்டாம் சார்," என்றார் அண்ணாச்சி. "அவனே வச்சுக்கிடட்டு. எழுதித் தாறேன்."

எழுதியும் கொடுத்துவிட்டார். நான் வெளியே வந்து வெடித்தேன்.

"அவனுக்க கையில ஒண்ணுமே இல்ல ஓய்! கரண்ட் பில்லு!"

"எனக்கும் தெரியும்."

"பின்ன எதைப் பாத்துக் கமத்தினீரு?"

"அவன் என்னையும் பாக்கல்ல, உம்ம பேப்பரையும் பாக்கல்ல. மேரிக்க கையில இருந்த தூக்குவாளியத்தான் பாத்துக்கிட்டே இருந்தான். நீரு எண்ணியிருப்பீரே?"

எண்ணியிருந்தேன். பதினேழு தடவை. மேரியக்கா மதியத்துக்குக் கொண்டுவந்த மீன்குழம்பு அது.

"ஆறு வருசமா அக்காளுக்க கறி தின்னாதவன் சாரே. நான் ஜெயிச்சிருந்தா இனி எப்பவும் தின்ன மாட்டான். பதினாலு அங்குலத்த வச்சு நான் என்ன, கப்பலா விடப்போறேன்?"

அதற்குள் படிக்கட்டில் மேரியக்கா வாளியைத் திறந்துவிட்டிருந்தார். சேவியர் பக்கத்தில் நின்று காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"ஏலே, என்னத்துக்கு நிக்க? இரி. உனக்கு ஒருத்தன் தனியா இலை போடணுமோ?"

"புளி கூடுதலா இருக்கும்," என்றான் சேவியர், உட்கார்ந்தபடி.

"தின்னுட்டுச் சொல்லு, மூதி!"

தின்றான். மூன்று துண்டு மீன். என் பங்கும் அதில் சேர்த்தி.

அடுத்த ஞாயிறு வேலியில் இருந்த ஓட்டை வழியாகச் சேவியர் அந்தப் பலாமரத்துச் சக்கை ஒன்றைத் தலையில் சுமந்து வந்தான். "அத்தான், எனக்கும் சீட்டு போடும்," என்றான். அவன் எந்தச் சீட்டையும் கமத்த மாட்டான். ரெண்டு, அஞ்சு, ஒன்பது வைத்துக்கொண்டு கடைசிவரை நிற்பான். அண்ணாச்சி அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, தன் நல்ல சீட்டையெல்லாம் கமத்திக்கொண்டிருக்கிறார்.

போன வருடம் மகளோடு நாகர்கோவிலுக்குக் குடிவந்துவிட்டேன். இங்கே என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் சீட்டாட மூன்று இடங்கள் இருக்கின்றன, எண்ணிவிட்டேன். ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி, முழங்கால் வலியோடு, தேங்காய்ப்பட்டணம்தான் போகிறேன்.