அவுன்ஸும் இருபத்திரண்டு அவுன்ஸ் கியூவும்

ஸ்னூக்கர் ஆடத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கலாம். யார் கைக்கு எந்தக் கியூ, அதாவது பந்தை அடிக்கும் கோல், பொருந்தும் என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் தஞ்சாவூரில் இருந்தார்.

அதிகாரிகளும் மிராசுதார்களும் கூடும் பழைய கிளப் ஒன்றில் அவர் மார்க்கர். பச்சைத் துணி விரித்த மேசையைத் துடைப்பது, பந்துகளை அடுக்குவது, பாயின்ட் எழுதுவது, கியூக்களைப் பராமரிப்பது அவர் வேலை. அங்கேயே பத்திரிகை அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவருடைய சொந்தப் பெயர் கிளப் பதிவேட்டில் இருந்தது. யாரும் அதைப் புரட்டிப் பார்த்ததில்லை. எல்லோருக்கும் அவர் அவுன்ஸ்.

கியூவை அவர் தராசில் வைத்து நான் பார்த்ததில்லை. அடியிலிருந்து இரண்டு சாண் தள்ளி, நீட்டிய ஒற்றை விரலின் மேல் படுக்க வைப்பார். அது லேசாக ஆடி நிற்கும். “பதினேழே கால் அவுன்ஸ். மூக்குப் பக்கம் கொஞ்சம் கனம்” என்பார். தபால் தராசில் போட்டுப் பார்த்தவர்கள் தராசைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

கியூவை விட ஆளை எடை போடுவதில்தான் அவர் மன்னர். புது உறுப்பினர் வாசலிலிருந்து நாற்காலிக்கு நடந்து வருவதற்குள், காப்பி டம்ளரை எடுத்து வைப்பதற்குள், அவருக்கான கியூ முடிவாகிவிடும். ஒரு தாசில்தார் வந்தார். பேனா பிடித்துப் பழகிய கை, பதினாறரைக்கு மேல் தாங்காது என்று சொல்லி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒரே மாதத்தில் தாசில்தார் கலெக்டரைத் தோற்கடித்துவிட்டார். மறுநாளே பயந்துபோய், இருபது அவுன்ஸில் வேறு கியூ கொடுக்கும்படி கெஞ்சினார்.

கிளப்புக்கு வெளியிலும் அந்த விரல் சும்மா இருக்காது. சந்தையில் முருங்கைக்காயை விரலில் நிறுத்தி, வால் கனம் என்று திருப்பிக் கொடுப்பார். ஒரு முறை ஆளுங்கட்சி ஊர்வலத்தில் கொடி பிடித்தவர் தள்ளாடுவதைப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து, அவர் கையை ஒரு முழம் மேலே நகர்த்தி வைத்துவிட்டு வந்தார். மறுவாரம் எதிர்க்கட்சி ஊர்வலம். அவர்கள் கொடிக்கும் அதே சேவை.

இப்படிப்பட்டவர் கண்ணில் ஒரு தூசி மாதிரி உறுத்தியது எங்கள் பெரிய மிராசுதாரின் கியூ. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் அவருக்கு வயல். உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு அந்த நிலம் காகிதத்தில் இளைத்துப்போயிருந்தது. கியூவாவது கனமாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அடியில் துளை போட்டு ஈயத்தைத் திணித்து இருபத்திரண்டு அவுன்ஸாக வைத்திருந்தார். வால் கனத்தில் மூக்கு தூக்கிக்கொள்ளும். ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. மேசை கோணல், துணி ஈரம், விளக்கு மங்கல் என்று காரணம் மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

அவுன்ஸ் ஒரு நாள் பணிவாகச் சொன்னார்: “கியூ உங்க கைக்குப் பொருந்தலைங்க. பதினேழரை போதும்.”

“எனக்கு நீ அளவு சொல்றியாடா?” என்று கேட்டு மிராசுதார் பேச்சை முடித்துவிட்டார்.

அது சம்பா அறுவடைக் காலம். கூலித் தகராறு முற்றி, அதே மிராசுதாரின் வயல்வரப்பில் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. கொடியின் கீழே முதல் ஆளாக நின்றவர் அவுன்ஸின் அண்ணன். கிளப்பில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு மத்தியானம் கியூ அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மிராசுதாரின் கியூவை மடியில் கிடத்தி, அடிமூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஈயத்தை அவுன்ஸ் சுரண்டிக்கொண்டிருந்தார். உறுப்பினர் பொருளில் கை வைத்தால் வேலை போய்விடும். நான் பதறிப்போய், “உன் அண்ணன் அவர் வயல்ல கொடி நட்டு நிக்கிறாரு. நீ அவருக்குக் கியூ சரி பண்றியா?” என்று கேட்டேன்.

“வயல்ல நான் அண்ணன் பக்கம்” என்றார், தலை நிமிராமல். “ஆனா தப்பான கியூ யார் கையில இருந்தாலும் என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது.”

வாரத்துக்கு ஒரு சிட்டிகை ஈயம் என்று ஆறு மாதம் நடந்தது இந்த வைத்தியம். மிராசுதாருக்குப் பந்து விழ ஆரம்பித்தது. முதலில் தற்செயலாக விழுந்தது. பிறகு சொல்லிவைத்த மாதிரி விழுந்தது. திருச்சியிலிருந்து ஒரு கிளப்பார் ஆட வந்த ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் தலைவரான டாக்டரையே மிராசுதார் ஜெயித்துவிட்டார். மீசையைத் தடவிக்கொண்டு, இருபத்திரண்டு அவுன்ஸ் தூக்கி ஆட இந்த ஜில்லாவில் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று அறிவித்தார்.

டாக்டர் கியூவை வாங்கித் தூக்கிப் பார்த்தார். முகம் சுளித்தார். அலுவலக அறையிலிருந்து பார்சல் தராசு வந்தது. வெள்ளைக்காரன் காலத்துத் தராசு, அவுன்ஸ் கணக்கு. முள் பதினேழரையில் நின்றது.

“யார் கை வச்சது?” என்றார் மிராசுதார்.

“நான்தாங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னேங்க. நீங்க கேக்கலை. அப்புறம் கியூகிட்ட சொன்னேன், அது கேட்டுச்சு.”

திருச்சிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினை. கிளப் செக்ரட்டரி அங்கேயே அவரை வேலையை விட்டு நீக்கினார். அவுன்ஸ் தோளில் கிடந்த துடைக்கும் துணியை மடித்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு கிளப் பட்ட பாடு இருக்கிறதே. எந்தக் கியூ யாருடையது என்றே தெரியவில்லை. என்ஜினீயர் தாசில்தாரின் கியூவால் ஆடித் துணியைக் கிழித்தார். மிராசுதார் வீம்பாக மெட்ராஸிலிருந்து புது இருபத்திரண்டு அவுன்ஸ் வரவழைத்தார். முதல் அடியிலேயே பந்து மேசையைத் தாண்டிப் பறந்து செக்ரட்டரியின் காப்பியில் இறங்கியது. வேட்டியெல்லாம் காப்பி. ஐந்தாவது வாரம், அவுன்ஸைக் கூட்டி வரச் சொல்லி செக்ரட்டரி என்னைத் திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அவுன்ஸ் அண்ணனோடு களத்துமேட்டில் இருந்தார். பேச்சுவார்த்தையில் கேட்டது முழுக்கக் கிடைக்காவிட்டாலும் கூலி ஏறியிருந்தது. கொடி இன்னும் இறங்கவில்லை. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் அவசரப்படாமல் கேட்டார்.

“வர்றேன். ஆனா இனிமே என்னை யாரும் வாடா போடான்னு கூப்பிடக் கூடாது. வாங்க, போங்கன்னுதான் சொல்லணும்.”

“மிராசுதார் எப்படி...”

“அவரும் சொல்லணும். உங்களையுந்தான் சொல்றேன்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான்கு வருஷமாக அவரை ஒருமையில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது அந்தக் களத்துமேட்டில்தான் எனக்கு உறைத்தது. “சரிங்க” என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் ‘ங்க’ அதுதான்.

செக்ரட்டரிக்கு வேறு வழியில்லை. மற்றவர்களும் இரண்டு நாளில் பழகிக்கொண்டார்கள். மிராசுதார் மட்டும் மூன்று நாள் வாயே திறக்கவில்லை. கனைப்பார், கண்ணைக் காட்டுவார். அவுன்ஸ் எதுவும் விளங்காதவர் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான்காம் நாள் ஆட்டம் கைநழுவும் நேரம். மிராசுதார் தன் புதுக் கியூவைச் சுவரில் சாத்தினார்.

“வா...” என்றார். ஒரு மிடறு விழுங்கினார். “...ங்க. அந்தப் பழைய பதினேழரையை எடுங்க.”

அவுன்ஸ் சிரிக்கவில்லை. எடுத்து வந்தார், விரலில் ஒரு முறை நிறுத்திப் பார்த்தார், இரண்டு கையாலும் கொடுத்தார். நான் பத்திரிகை அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவோ நானே திருச்சியை ஜெயித்த மாதிரி நெஞ்சு விம்மியது.

போன வருஷம் சென்னையில் என் பேரன் ஸ்னூக்கர் கற்றுக்கொள்ளும் இடத்துக்குப் போயிருந்தேன். பயிற்சியாளர் கணினித் திரையில் கியூவின் சமநிலையை விளக்கிக்கொண்டிருந்தார். உங்களுக்கு இதில் பழக்கம் உண்டா என்று மரியாதையாக என்னைக் கேட்டார். ஆடியதில்லை, ஆனால் தஞ்சாவூர் மார்க்கர் எனக்குச் சிநேகிதர் என்றேன். யார் அவர் என்று கேட்டார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவருடைய முழுப் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.