ஆறாவது மூஞ்சி

குழந்தைகளுக்கு மருந்து கொடுப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் இரண்டு வகை. ஒன்று, குழந்தை இல்லாதவர்கள். இன்னொன்று, மருந்தைப் பற்றிப் படித்தவர்கள். இருபத்துமூன்று வயதில் நான் இரண்டுமாக இருந்தேன். (மீசை வேறு வைத்திருந்தேன். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.)

எம்.ஃபார்ம் கடைசி வருஷம். வாய் வழியாகக் கொடுக்கும் மருந்தைக் குழந்தைகள் எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது என் ஆய்வு. வேலை என்னவோ எளிமையானதுதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன குழந்தைகள் கிளினிக். டாக்டர் எழுதித் தரும் மருந்தின் முதல் வேளையை அம்மாக்கள் அங்கேயே கொடுப்பார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்து, முழுசாகக் குடித்ததா, பாதியைத் துப்பியதா, வாயையே திறக்கவில்லையா என்று படிவத்தில் டிக் அடிக்க வேண்டும். பிறகு ஐந்து மூஞ்சிகள் வரைந்த அட்டையை நீட்ட வேண்டும். முதல் மூஞ்சி பல் தெரியச் சிரிக்கும், ஐந்தாவது அழும். மருந்து எப்படி இருந்தது என்று குழந்தை ஒன்றைத் தொட்டுக் காட்டும். அவ்வளவுதான்.

என் ஆய்வுக்கு வழிகாட்டியான மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். "நீ அங்க ஒரு சுவர். சுவர் கெஞ்சாது, மிட்டாய் காட்டாது, பொய் சொல்லாது. நீ வாயைத் திறந்தா அந்தக் குழந்தை கணக்குல வராது."

"சரிங்க மேடம்" என்றேன். மூன்று வாரம் சுவராகவே இருந்தேன். பொன்னேரியிலிருந்து காலை ரயிலில் வருவேன், துப்புவதைப் பார்ப்பேன், டிக் அடிப்பேன், திரும்பிப் போவேன். கடைசி நாளும் வந்தது. என் கணக்குக்கு இன்னும் ஒரே ஒரு குழந்தைதான் பாக்கி. மேடமும் வந்து டாக்டரின் அறையில் பேசிக்கொண்டிருந்தார்.

கடைசிக் குழந்தையின் பெயர் யாழினி. ஆறு வயது. தொண்டையில் புண், மூன்று நாளாகக் காய்ச்சல். அவள் அம்மா தேவி பக்கத்து இரும்புக் கம்பெனியில் வேலை செய்பவர், கம்பெனி சட்டையோடே வந்திருந்தார். மூடியில் மருந்தை ஊற்றி நீட்டினார். யாழினி உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு பூட்டிவிட்டாள். தேவி கெஞ்சினார், மிரட்டினார், மூக்கைப் பிடிக்கப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னாடி பண்றது உன்ன? நேத்து ஊட்ல இருந்த காய்ச்ச மருந்த குட்த்தப்பவும் துப்பிட்ட. ரெண்டு மணிக்கு எனுக்கு ஷிஃப்டு இருக்குது" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீ டாக்டருக்குப் படிக்கிறவன்தான? கொஞ்சம் சொல்லேன் சார்."

டாக்டருக்குப் படிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது. பெண்ணின் கழுத்து காய்ச்சலில் மினுமினுத்தது. இந்தக் குழந்தை இன்று மருந்து குடித்தே ஆக வேண்டும், குடிக்க வைத்தே தீருவேன் என்று முடிவு கட்டினேன். சுவர் எழுந்து நடந்தது.

"பாப்பா, இது மருந்தே இல்ல. ஆரஞ்சு ஜூஸ். சூப்பரா இருக்கும்."

யாழினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். மூன்று வாரத்தில் எந்தக் குழந்தையும் கேட்காத கேள்வியை அவள் கேட்டாள்.

"நீ குட்சிக்கிறியா?"

"ஓ, நிறைய தடவை."

"அப்ப இப்போ குட்சிக் காட்டு."

டாக்டரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே நர்ஸாக இருந்த ஸ்டெல்லா அக்கா, "தம்பி, வேணாம். அது ரொம்பக் கசக்கும்" என்றார். நான் காதில் வாங்கவில்லை. இன்னொரு மூடியில் ஊற்றி, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரே மடக்கில் வாயில் கவிழ்த்தேன்.

முதல் நொடி ஆரஞ்சுதான். இரண்டாவது நொடியில் ஆரஞ்சு என்னைத் தனியாக விட்டுவிட்டு ஓடிப்போனது. பின்னால் வந்த கசப்பு நாக்கில் நிற்கவில்லை, காதுக்குள் ஏறியது. நான் விடவில்லை. சிரித்துக்கொண்டே விழுங்கிவிடுவது என்று பிடிவாதமாக நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒரு புருவம் மேலே போனது, இன்னொன்று கீழே வந்தது. தாடை தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. "சூப்..." என்று ஆரம்பித்தேன்.

அந்த 'ப்'பில்தான் எல்லாம் வெளியே வந்தது. மேஜைமேல் என் மூன்று வாரப் படிவங்கள் அடுக்கியிருந்தன. அத்தனை பேரும் துப்பியதைப் பதிவு செய்த படிவங்கள்மேல் நானும் துப்பினேன்.

டாக்டரின் அறைக் கதவு திறந்தது. மேடம்.

வரிசையில் இருந்த ஒரு பையன் "எனுக்கு மருந்து வேணாம்மா" என்று அழ ஆரம்பித்தான். அவனைப் பார்த்துப் பக்கத்துக் குழந்தையும் அழுதது.

ஸ்டெல்லா அக்கா யாழினியின் முன்னால் மண்டியிட்டார். "தோ பாரு கண்ணு, கசக்கும். பொய் சொல்லல. ஒரே மடக்கு, உடனே தண்ணி. உன்னால முடியுமா?"

யாழினி என்னை ஒருமுறை பார்த்தாள். ஒரு பெரிய ஆளை வென்றுவிடலாம் என்ற தைரியம் அவள் முகத்தில் தெரிந்தது. "நான் அந்த மாமா மாரி துப்ப மாட்டேன்" என்றாள். மூடியை வாங்கினாள், குடித்தாள், தண்ணீரும் குடித்தாள், நாக்கை நீட்டிக் காட்டினாள். தேவி அவளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பழக்க தோஷத்தில் நான் அட்டையை நீட்டினேன். அவள் நான்காவது மூஞ்சியைத் தொட்டாள். பிறகு அட்டையை மறுபடி உற்றுப் பார்த்தாள்.

"மாமா, உன் மூஞ்சி இதுல இல்லியே?"

என் சட்டைப்பையில் இருந்த பேனாவை உருவி, ஐந்தாவதுக்குப் பக்கத்தில் ஆறாவதாக ஒன்று வரைந்தாள். ஒரு புருவம் மேலே, ஒன்று கீழே, கோணல் தாடை, அதற்கு மேலே மீசை. கச்சிதமாக இருந்தது. மேடம் முதல் முறையாகச் சிரித்தார்.

சிரித்துவிட்டு, "இந்தக் குழந்தை கணக்குல கிடையாது. நாளைக்கு வந்து இன்னொரு குழந்தையைப் பாரு. நடந்ததை அப்படியே எழுதி ஆய்வேட்டுல சேர்க்கணும். அட்டையையும்தான்" என்றார். சாயங்காலம் வரை கிளினிக் மின்விசிறிக்குக் கீழே படிவங்களைக் காய வைத்தேன். மறுநாள் வந்து சுவராக உட்கார்ந்தேன். ஆய்வை முடித்தேன். பட்டமும் வாங்கினேன்.

கல்யாணமான புதிதில் என் மனைவி அலமாரியை ஒழிக்கும்போது அந்த ஆய்வேட்டை எடுத்துப் பிரித்தாள். மற்ற பக்கங்களை விட்டுவிட்டு அந்த ஒரு அட்டையை மட்டும் படம் பிடித்து உறவுக்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டாள். இப்போது எனக்கு ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்குச் சளி பிடித்தால், குழந்தைகள் மருந்தில் முதுகலை முடித்த நான் மொட்டைமாடிக்குப் போய்விட வேண்டும். இது மாமியார் போட்ட சட்டம். என் முகம் கண்ணில் பட்டால் குழந்தை குடிக்காதாம். கீழே ஸ்பூன் சத்தம் கேட்கும், அழுகை கேட்கும், அப்புறம் அமைதி. கொஞ்ச நேரத்தில் மாமியாரின் குரல் படியேறி வரும்.

"குடிச்சிட்டா மாப்ள. மூஞ்சிய எட்த்துக்கினு எறங்கி வாங்க."