இடது கையில் இருந்த பந்து

மன்னிப்புக் கேட்பது நல்ல பழக்கம் என்பார்கள். எனக்கு அதனால் வேலை போனது.

எண்பதுகளில் டெக்சாஸில் ஒரு சிற்றூர் பேஸ்பால் அணிக்குச் சம்பளத்துக்குப் பந்தெறிந்தேன். (நம்பாதவர்கள் என் அக்காவைக் கேட்கலாம். கேட்காமலே சொல்வாள்.) ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். தூத்துக்குடியில் கிரிக்கெட் ஆடப் போனால், "கைய மடக்கி எறியுறான்" என்று விரட்டுவார்கள். அமெரிக்காவில் அதற்கே சம்பளம் கொடுத்தார்கள். நியூ ஜெர்சியில் பெட்ரோல் பங்க், கலிபோர்னியாவில் மூட்டை தூக்கும் வேலை என்று அலைந்த காலம். போன இடத்திலெல்லாம் ஏதாவது ஓர் அணியில் ஒட்டிக்கொள்வேன். கழற்றிவிட்டால் அடுத்த ஊர். நான் ரிலீஃப் பிட்சர். முதலில் எறிகிறவன் களைத்த பிறகு மிச்சத்தை எறிந்து முடிப்பவன். பந்தியில் கடைசியாக மோர் ஊற்றுகிறவன் மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஜெயித்துக் கொடுத்தால் சீசன் முடியும்வரை இருக்கலாம், தோற்றால் பெட்டியைக் கட்டு. இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. "மேட்சையே முடிச்சு வைக்கிற ஆளு நான்தான்க்கா" என்று மட்டும் பீற்றியிருந்தேன். அவள் தான் குடியிருந்த பேர்லேண்ட் ஊர்க் கோயில் ஆன்ட்டிகளைத் திரட்டிக்கொண்டு, புளியோதரையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

கடைசிக் கட்டம். நாங்கள் ஒரு ரன் முன்னால். இன்னும் ஒருவன் அவுட்டானால் வெற்றி. எதிரணியில் இருவர் ஓடக் காத்திருந்தார்கள். நான் எறிந்த பந்து தரையில் குத்தி, எதிரே பிடிக்க உட்கார்ந்திருந்த எங்கள் கேட்சரைத் தாண்டிப் போனது. முன்னால் நின்றவன், தொட்டால் ரன் ஆகிவிடும் ஹோம் பிளேட்டை நோக்கிப் பாய்ந்தான். நானும் ஓடினேன். கேட்சர் பந்தை எடுத்து வீச, இடது கை உறையில் அழகாகப் பிடித்தேன். வந்தவன் சறுக்கி விழுந்தான். பிளேட்டுக்கு இன்னும் ஒரு முழம். பந்துள்ள கையால் அவனைத் தொட்டால் போதும், ஆட்டம் முடிந்தது.

அப்போது என் ஷூ அவன் தலையில் பட்டுவிட்டது.

குனிந்தேன். தொட்டேன், வலது கையால். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். பந்து இடது கையில் பத்திரமாக இருந்தது.

அவன் என்னை விநோதமாகப் பார்த்தபடியே கையை நீட்டிப் பிளேட்டைத் தொட்டான். நான் கண்ணைத் திறப்பதற்குள் பின்னால் வந்தவனும் சேர்ந்துவிட்டான். தோற்றோம்.

மேனேஜர் தொப்பியைக் கழற்றினார். "என்ன செய்தாய் நீ?"

"மன்னிப்புக் கேட்டேன்."

"அவனிடமா?"

அவர் பெட்டி இருந்த அறைப் பக்கம் கையைக் காட்டினார்.

அதைவிடக் கொடுமை, ஆன்ட்டிகள் எழுந்து நின்று கைதட்டியது. "பாத்தீங்களா, என் தம்பி முடிச்சுட்டான்!" என்று அக்கா கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கைதட்டலைக் கடந்துதான் பெட்டியைக் கட்டப் போனேன். ஒரு முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காரில் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் காரை ஃப்ரீவேயில் ஏற்றினார். பிறகு மெதுவாக, "லெஃப்ட் ஹேண்டால தொட்டிருக்கலாம்ல, மாப்ள?" என்றார்.

"இடது கையாலயா? சீ!" என்றாள் அக்கா. "கால் பட்டா அப்படியா கும்பிடுவாங்க?"

அதோடு என் பந்தெறியும் வாழ்க்கை முடிந்தது. இன்றும் அக்கா வீட்டில் யார் கால் யார்மேல் பட்டாலும், தமிழ் பேச வராத பேரப்பிள்ளைகள்கூட ஒரே குரலில் கத்துகிறார்கள்: "லெஃப்ட் ஹேண்ட், தாத்தா!"

எனக்கு இன்னும் வலது கைதான் நீள்கிறது. கண்ணில் ஒற்றிய கையை எடுக்கத்தான் கொஞ்சம் நேரமாகிறது.