மெத்தைகளைக் காப்பாற்றிய மூன்றாவது ஆள்

"இன்னிக்கு அந்த மெத்தைங்களைக் காப்பாத்தின மூணாவது ஆள் நீங்க" என்றார் மேனேஜரம்மா.

இந்த மெத்தைக் கம்பெனிக்கு வேலை கேட்டு வந்திருந்த ஸ்டோர்கீப்பர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். பழைய மெத்தைக் கம்பெனியை இழுத்து மூடியதில் அவரோடு வேலை போன சூபர்வைசரும் டிரைவரும் சற்று முன்புதான் உள்ளே போய் வந்தார்கள். இரண்டு பேரும் இதே கதையைத்தான் அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது.

போன இன்டர்வியூவில் "எல்லாரும் சேர்ந்து செஞ்சோம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லி வேலையைக் கோட்டைவிட்டவர் அவர். "நீங்க என்ன செஞ்சீங்க, அதால என்ன பலன்னு சொல்லுங்க. இதையும் விட்டீங்கன்னா எங்க அண்ணன் வீட்டுக்குத்தான் மூட்டை கட்டணும்" என்று காலையில் மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். மச்சான் வீட்டுக்குப் போவதற்குப் பதில் எவ்வளவு வேண்டுமானாலும் அளந்துவிடலாம் என்றுதான் கிளம்பி வந்திருந்தார்.

"கிடங்குல தண்ணி புகுந்ததை முதல்ல பார்த்தது நான்தாங்க."

"சூபர்வைசரும் அதையேதான் சொன்னார்."

"இருநூறு மெத்தையையும் மேல தூக்கி அடுக்கினது நான். தன்னந்தனியா!"

"ஒரு மெத்தை என்ன எடை இருக்கும்?"

"நனையறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப நனைஞ்சிடுச்சா?"

"அடுக்கினது நனையலைங்க."

"எத்தனை அடுக்கினீங்க?"

"நாலு."

மேனேஜரம்மா பேனாவை மூடி வைத்தார். "அது போகட்டும். தண்ணி எப்படி வந்துச்சுன்னு மூணு பேருமே சொல்லலையே?"

மழை என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் இனிமேலும் புளுக அவருக்குத் தெம்பில்லை. வேலை போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது.

"குழாயைத் திறந்துபோட்டுட்டுப் போனது நான்தாங்க. கை கழுவப் போனேன், தண்ணி வரலை. மூட மறந்துட்டேன். மத்த ரெண்டு பேருக்கும் இதுல பங்கே இல்லை."

"பலன்?"

"ஓட்டல்காரங்க கொடுத்த பெரிய ஆர்டர் மொத்தமும் கைநழுவிப் போச்சு. மறுநாளே முதலாளிகிட்ட ஒத்துக்கிட்டேன். அப்புறம் ஒரு நாள்கூட குழாயைப் பார்க்காம கிடங்கைப் பூட்டினதில்லைங்க."

சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. மச்சான் வீட்டில் எந்த மூலை கிடைக்கும் என்று யோசித்தபடி எழுந்தார்.

அதுவரை ஓரமாக உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனிக் கணக்கர் ஓடிவந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உட்காருங்க ஐயா! அந்த ஓட்டல் ஆர்டர் எங்ககிட்ட வந்துதான் இந்தக் கம்பெனியே பிழைச்சுது, உங்க அளவுக்கு எங்களுக்கு உழைச்சவங்க இங்க ஒருத்தர்கூட இல்லை!"