பனியாறு பார்க்கக் கிளம்பிய படலம்

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, இணையத்தைத் துறப்பது என்று முடிவு செய்தேன். துறவு பூணக் குளியலறைதான் தோதான இடம். வீட்டில் வேறெங்கும் நம்மை யோசிக்க விடமாட்டார்கள்.

காரணம் முந்தைய நாள் நடந்தது. நான் புவியியல் ஆசிரியர். இருபத்தேழு வருடமாக எட்டாம் வகுப்புக்குப் பனியாறு நடத்துகிறேன். மலை உச்சியிலிருந்து அங்குலம் அங்குலமாக நகர்ந்து இறங்குகிற பனிக்கட்டிப் பாளம்தான் பனியாறு. எங்கள் பள்ளிக் கோப்புகளைவிடக் கொஞ்சம் வேகம். அன்று முதல் பெஞ்சுப் பெண் எழுந்து நின்றாள்.

"சார், நீங்க பனியாறு பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன். போன்ல."

"போன்ல நாங்களும்தான் சார் பாத்திருக்கோம்."

வகுப்பு சிரித்தது. சுவரில் மாட்டியிருந்த உலக வரைபடமும் சிரித்ததாக எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து கணக்கெடுத்தேன். பதினான்கு குழுக்களில் இருந்தேன். குடியிருப்புக் குழு, பழைய மாணவர் குழு, வரைபடப் பிரியர் குழு, யாருடைய கல்யாணத்துக்கோ தொடங்கி அவர்களுக்கு இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் கலைக்கப்படாத ஒரு குழு. எல்லாவற்றிலும் என் திருப்பணி ஒன்றே. திருத்துவது. யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, ஆதாரமும் பக்க எண்ணும் கொடுத்துத் திருத்துவேன். இத்தனை வருடத்தில் நன்றி சொன்னவர் ஒருவர். அவரும் கைதவறிப் பட்டுவிட்டதாக மறுநாள் விளக்கம் கொடுத்தார்.

போதும். மனிதன் விரிவடைய வேண்டுமானால் திரையை மூடிவிட்டு எல்லையைத் தாண்ட வேண்டும். எனக்குப் பதினைந்து நாள் விடுப்பு மிச்சம் இருந்தது. வருடம் முடிந்தால் அதுவும் போய்விடும். தெருமுனைப் பயண அலுவலகத்தில் மலையும் ஏரியும் பனியாறும் உள்ள ஒரு தேசத்துக்குப் பன்னிரண்டு நாள் சுற்றுலா இருந்தது. இரண்டு இடம் பிடித்து வைத்திருப்பதாகவும், மூன்று வாரத்துக்குள் யார் யார் வருகிறார்கள் என்று சொல்லிவிட வேண்டும் என்றும் அங்கிருந்த பெண் சொன்னார்.

யார் யார் என்பதில்தான் சிக்கல்.

வாசகரிடம் ஒளிப்பானேன், நான் தனியாகப் போக விரும்பினேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குப் பணிப்பட்டியல் போடுபவள். நாற்பது நர்சு, மூன்று ஷிப்டு, ஒரே ஒரு கைபேசி. ஒரு தடவை கடற்கரைக்குப் போனோம். சூரியன் முழுதாக மறைந்து முடிப்பதற்குள் அவள் ஏழு பேருக்கு ஷிப்டு மாற்றிக் கொடுத்தாள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான் எந்த ஊரில் எதைக் காட்டி என்ன விளக்கினாலும் பக்கத்தில் நின்று "அப்படியா இருக்கும்?" என்று கேட்பாள். பனியாற்றுக்கு முன்னால் நின்று அந்தக் கேள்வியைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

ஆகவே ஒரு திட்டம் தீட்டினேன். அவளை வர வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வர முடியாதபடி விதி செய்ய வேண்டும்.

"இந்தாம்மா, ஒரு நல்ல விஷயம் பேசணும்."

"நல்ல விஷயம்னா இவ்வளவு சத்தமா ஆரம்பிக்க மாட்டீங்களே. சொல்லுங்க."

"வெளிநாடு போறோம்."

"யாரு?"

"தகுதி இருக்கறவங்க."

"அதுக்கு என்ன தகுதி? பாஸ்போர்ட்டுதானே? ரெண்டு பேருக்கும் இருக்கு. ஆறு வருஷமா பீரோவுல தூங்குது."

"அது உடம்பைக் கொண்டுபோறதுக்குப் போதும். மனசைக் கொண்டுபோக வேணாமா? இருபத்தொரு நாள் போனைத் தொடாம இருக்கணும். இருந்தவங்க பயணம் போகலாம். பயணத்துலயும் போன் கிடையாது. தவறினவங்க வீட்டைப் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டு, விதிகளை எழுதிய தாளை நீட்டினேன். பன்னிரண்டு விதி. நாலாவது விதிதான் தூண்: "தன் கைபேசி, பிறர் கைபேசி, அலுவலகக் கணினி, கடைக்காரர் கருவி ஆகிய எதன் வழியாகவும் ஒரு சொல்கூட அனுப்பலாகாது." ஆஸ்பத்திரியில் யாருடைய போனையாவது வாங்கிப் பட்டியல் போடுவாள் என்று எதிர்பார்த்துப் போட்ட முள்வேலி அது. கடைக்காரரைச் சேர்த்தது வெறும் ஒழுங்குக்காக. சட்டம் எழுதினால் அதில் எறும்பு நுழையவும் ஓட்டை இருக்கக் கூடாது என்பது என் கொள்கை.

அவள் தாளைப் பொறுமையாக வாசித்தாள். நாற்பது பேருடைய விடுப்புக் கடிதங்களைத் தினமும் வாசிக்கிற கண். மாமியாருக்குக் காய்ச்சல் என்று எழுதினால், அது எந்த மாமியார், போன மாதம் காலமானவரா என்று கேட்கிற கண்.

"நீங்க மட்டும் போகணும்னு ஆசையா இருக்கா?"

"சேச்சே! விதி எல்லாருக்கும் பொது."

"சரிங்க."

அவளுடைய "சரிங்க" இரண்டு வகை. ஒன்று, சரி என்று பொருள்படும். அதை நான் இதுவரை கேட்டதில்லை.

கைபேசிகளை யாரிடம் கொடுத்து வைப்பது? பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மாவைச் சொன்னாள் மனைவி. கறாரான பேர்வழி. வலிக்காது என்று சொல்லியே பிடுங்குகிறவர். அவர் இரண்டு கைபேசிகளையும் வாங்கி, தன் அலமாரியில் மாவுக்கட்டில் செய்த தாடைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினார். என் துணைவியின் கைபேசி ஒரு மேல்தாடைக்கு அடியிலும், என்னுடையது ஒரு கீழ்த்தாடைக்கு மேலும் படுத்தன.

மறுநாளே என் மனைவி வேலைக்குக் கைபேசி வேண்டும் என்று ஓடி வந்து மன்றாடுவாள் என்று காத்திருந்தேன். அவள் துணைக்கு இருந்த நர்சிடம் பட்டியல் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மாலை ஐந்தரைக்கு வீட்டில் இருந்தாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு ஒப்படைக்க?"

"நாலு நிமிஷம்."

"நாலு நிமிஷமா! பத்து வருஷமா உன்னால முடியலையே?"

"பத்து வருஷமா யாரும் கேக்கலையே."

நாற்காலியைப் பால்கனியில் போட்டு, என் பெரிய அட்லஸை மடியில் விரித்து உட்கார்ந்தாள். பென்சிலும் தாளும் வேறு. பயணத்துக்குக் குறிப்பெடுக்கிறாளாக்கும் என்று நினைத்து, அந்தப் பேதையின் நம்பிக்கைக்காக உள்ளூர இரக்கப்பட்டேன்.

எனக்குத்தான் கட்டைவிரல் அரித்தது. சும்மா இருக்கும்போது அதுபாட்டுக்கு மேலும் கீழும் தள்ளியது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் தோளை ஒருமுறை தள்ளிவிட்டேன். ஆனாலும் உறுதியாக இருந்தேன். பனியாறு, பனியாறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதே நாளிலிருந்து டாக்டரம்மா காலையில் பால்கனிக்கு வந்து செய்தி வாசிக்கத் தொடங்கினார்.

"சார், எனக்கு ஒரு தகவல் வந்துச்சு. நம்ம குடியிருப்புக் குழுவுல போட்டேன். ஆஸ்திரேலியாவோட தலைநகரம் சிட்னியாம்."

"கான்பெரா!" என்றேன், காப்பி புரையேற.

"அப்படியா? குழுவுல யாரும் தப்புன்னு சொல்லலையே சார்."

"சொல்ல ஆள் இல்லை. ஆள் இங்கே நிக்குது."

"அப்ப இருபத்தொரு நாள் கழிச்சு வந்து சொல்லுங்க. ஜனங்க அதுவரைக்கும் நம்பிக்கிட்டு இருப்பாங்க, பரவாயில்லை."

மறுநாள் மணல் இல்லாவிட்டால் அது பாலைவனமே இல்லை என்றார். அதற்கு மறுநாள், நிலாவில் நின்று பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் பளிச்சென்று தெரியும் என்றார். வடதுருவத்தில் பெங்குவின் மேய்ந்தது. வாய்மொழியாக நான் திருத்தத் திருத்த, "நாலு வீட்டுக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க சார்" என்று சிரித்தார். நான் விலகி ஒரு வாரத்தில் எங்கள் குடியிருப்பு இருண்ட காலத்துக்குள் இறங்கிவிட்டது. தொண்ணூற்றாறு குடும்பம். படித்த ஜனம். பெங்குவினுக்கு இதயப்பூ விட்டிருக்கிறார்கள்.

"நாட்டுல இவ்வளவு அறியாமை இருக்கேம்மா!" என்று மனைவியிடம் புலம்பினேன்.

"அப்படியா இருக்கும்?" என்றாள், அட்லஸிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒன்பதாம் நாள் வந்தது.

"சார், கோடைகாலம் ஏன் வருது தெரியுமா? பூமி சூரியன்கிட்ட நெருங்கிப் போறதால வருதாம்."

காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். இருபத்தேழு வருடம், வருடத்துக்கு இரண்டு பிரிவு, இந்த ஒரு பிழையைக் களைவதற்காகவே ஆரஞ்சுப் பழத்தையும் விளக்கையும் வைத்துக்கொண்டு நான் வகுப்பில் சுற்றியிருக்கிறேன். தலை சுற்றி ஒருமுறை விழுந்தும் இருக்கிறேன்.

"நாப்பத்திரண்டு பேர் கட்டைவிரல் தூக்கிட்டாங்க சார். உங்க தலைமையாசிரியர்கூட."

எங்கள் தலைமையாசிரியர் மூன்றாம் மாடியில் குடியிருப்பவர். எதையும் வாசிக்காமல் கட்டைவிரல் உயர்த்துவது அவர் வழக்கம். என் விடுப்பும் அப்படித்தான் அனுமதியானது. ஆனாலும் என் பள்ளியின் தலைமை, என் பாடத்தில், என் ஆரஞ்சுப் பழத்துக்கு எதிராக!

மூன்றாம் மாடிக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம். ஒரு தாளில் விளக்கத்தை எழுதி மின்தூக்கிச் சுவரில் ஒட்டினேன். காவல்காரர் வந்து பிய்த்தார். மின்தூக்கியில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று குடியிருப்புக்கு விதி எழுதிக் கொடுத்தவர் யார் என்றும் நினைவூட்டினார். நான்தான். இவ்வளவில் எனக்கு உண்மையாகவே தலைவலி வந்துவிட்டது. மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன்.

மருந்துக்கடைக்காரரும் எங்கள் குழுவில் இருப்பவர். வீடுகளுக்கு மருந்து கொண்டுவந்து கொடுப்பதால் சேர்த்திருந்தோம். அவருடைய கைபேசி மேசைமேல், இருமல் மருந்துப் பாட்டிலில் சாய்ந்து, திறந்தபடி கிடந்தது. கோடைகாலம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. இப்போது நாற்பத்தாறு கட்டைவிரல்.

"அண்ணே, ஒரே ஒரு வரி. உங்க பேர்லயே போகும்."

"நீங்க ஒரு வரியோட நிறுத்துவீங்களா சார்?"

"சத்தியமா."

யாருக்கும் தெரியப்போவதில்லை. என் பெயர் இல்லை, என் எண் இல்லை. மனிதகுலத்துக்குச் செய்கிற ரகசிய தர்மம். அனுப்பினேன். மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினேன். தலைவலி உடனே விட்டது. மாத்திரை இறங்குவதற்கு முன்பே.

கைபேசி டிங் என்றது. டாக்டரம்மா: "சார், வாங்க வாங்க! சௌக்கியமா?"

டிங். நாலாம் மாடி: "ஒன்பது நாளா ஆளையே காணோமே சார்!"

டிங். டிங். டிங். பதினோரு பேர் நல்வரவு சொன்னார்கள்.

கடைக்காரர் திரையைத் தன் பக்கம் திருப்பி வாசித்தார். "ஒன்று: பூமியின் அச்சு இருபத்து மூன்றரை பாகை சாய்ந்துள்ளது. இரண்டு: அந்தச் சாய்வினாலேயே பருவங்கள் உண்டாகின்றன. மூன்று: பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். ஆதாரம்: அட்லஸ், பக்கம் ஏழு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சார், நான் இருமல் மருந்து விக்கிறவன். இதை நான் எழுதினேன்னு எங்க வீட்டுலயே நம்ப மாட்டாங்களே."

வீடு திரும்பினேன். மனைவி தாளோடு வாசலில் நின்றாள்.

"நாலாவது விதிங்க."

"அது... அறிவியல் நெருக்கடி..."

"கடைக்காரர் கருவின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நானா இருந்தா அதை யோசிச்சிருக்கவே மாட்டேன்."

"ஒரு தடவை மன்னிக்கக் கூடாதா?"

"நாப்பது பேருக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டம்னு நான் என்னைக்காவது பட்டியல் போட்டிருக்கேனா?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் பிறர் கைபேசியால் கெட்டேன்.

அவள் மீதிப் பன்னிரண்டு நாளையும் ஒரு வார்த்தை அனுப்பாமல் முடித்தாள். பயண அலுவலகத்தில் ஒரு பெயரைக் கொடுத்தாள். கைபேசியை என்னிடமே விட்டுவிட்டு, சின்னப் பெட்டி ஒன்றோடு, விமான நிலையத்தில் திரும்பிப் பார்த்துக் கையசைத்து, போயே போய்விட்டாள். துணைக்கு இருந்த நர்சும் அதே வாரம் விடுப்பில் போனார். இப்போது மூன்று ஷிப்டும் என் கையில். மாமியாருக்குக் காய்ச்சல் என்று வருகிற ஒவ்வொரு செய்திக்கும் "எந்த மாமியார்?" என்று கேட்கப் பழகிவிட்டேன்.

நேற்று ஒரு தபால் அட்டை வந்தது. முன்பக்கம், நீலம் பாய்ந்த வெள்ளையில், என் பனியாறு. பின்பக்கம் மனைவியின் பொடிக் கையெழுத்து:

"நேரில் பார்த்தேன். நீங்கள் சொன்னதைவிடப் பெரிசு. இரைச்சல்கூட வருகிறது, அதை நீங்கள் சொல்லவே இல்லை. டாக்டரம்மாவிடம் நாளுக்கு ஒன்றாக இருபத்தொரு தப்பு எழுதிக் கொடுத்திருந்தேன், ஒன்பதுதான் செலவாச்சு. மீதிப் பன்னிரண்டையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், அடுத்த வருஷம் தீவு பார்க்கப் போகணும்."