தாலித் தட்டில் வானசாஸ்திரம்

பழைய புத்தகம் சேர்ப்பவர்களுக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் எதிரிதான். பலரும் நினைப்பது போல அது கணவர் அல்ல, புழு. கணவர் முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்வார். புழுவோ முன் அட்டையில் நுழைந்து பின் அட்டையில்தான் வெளியே வரும். (என்னிடம் இருக்கும் புத்தகங்களை ஒன்றுவிடாமல் முடித்த ஒரே ஜீவன் அதுதான்.)

திண்டுக்கல்லில் எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. அதில் சம்பாதிப்பதை விஞ்ஞானம், சரித்திரம், மதம் என்று மஞ்சள் பூத்த புத்தகங்களில் கொட்டுவது என் வழக்கம். கணவர் செல்வத்துக்கு நிலக்கோட்டையில் பூ கமிஷன் கடை. "நான் விக்கிற சரக்கு சாயங்காலத்துக்குள்ள வாடிரும். நீ வாங்குற சரக்கு வாங்கும்போதே வாடித்தான் இருக்கு" என்பார்.

அப்படி வாங்கியதில் ஒன்று, யாரோ ஒரு பாதிரியார் தமிழில் எழுதிய வானசாஸ்திர நூல். நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. தலைப்பு மட்டுமே நாலு வரி. அதை இங்கே எழுதினால் மற்ற கதைக்கு இடம் இருக்காது. முதல் பக்கத்தில் நடுவே சூரியனும் சுற்றிலும் கிரகங்களுமாக அழகான படம். உள்ளே, நல்ல நேரம் கெட்ட நேரம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று பாதிரியார் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருப்பார்.

இந்த நூலின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று ஒரு பேராசிரியர் மேடைக்கு மேடை சொல்லி வந்தார். ஒரு கூட்டத்தில் நான் எழுந்து, "என்கிட்ட இருக்கு சார்" என்றேன். அவர் சிரித்தார். கூடவே சபையும் சிரித்தது. "கொண்டு வாங்கம்மா, பார்ப்போம்" என்றார், பழைய பேப்பர் போட வந்தவளிடம் பேசுகிற குரலில். எனக்குச் சுருக்கென்றது. அவர் கல்லூரியில் நடக்கவிருந்த அரிய நூல் கண்காட்சியின் திறப்பு விழா மேடையிலேயே காட்டுகிறேன் என்று வாயை விட்டேன்.

விழா நெருங்குகையில் புத்தகத்தைத் திறந்தால் அரிசி மாவு போலப் பொடி உதிர்கிறது. உள்ளே புழு விருந்து வைத்திருந்தது. இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டிச் சில நாள் உறைய வைத்தால் புழு செத்துப்போகும். பிறகு பையைப் பிரிக்காமல், குளிர் மெல்ல மெல்ல இறங்க விட வேண்டும். எங்கள் வீட்டு ஃப்ரீசரில் அயிரை மீன் குடியிருந்ததால், வெளியூருக்குப் போகும் பூவுக்கு ஐஸ் தயாரிக்கும் செல்வம் கடை ஃப்ரீசரில் பாதிரியாரைச் சேர்த்தோம்.

"உலகத்துலயே புழுவுக்கு ஐஸ் வச்ச மொத ஆளு நீதான் நிர்மலா" என்றார் செல்வம்.

விழாவுக்கு முந்தின நாள் அவரே அதை வெளியே எடுத்து, குளிர் மெதுவாக இறங்கட்டும் என்று ஒரு தெர்மோகோல் பெட்டியில் வைத்து டேப் ஒட்டினார். பூக்கடையில் தெர்மோகோல் பெட்டி ஒன்றா இரண்டா? அத்தனையும் ஒரே அச்சு. மறுநாள் காலை அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேராகக் கல்லூரிக்கு வந்துவிட்டார்.

மேடையில் சிறப்பு விருந்தினராக ஒரு பெரிய அதிகாரி, பக்கத்தில் பேராசிரியர். நான் பட்டுப்புடவையில், முகத்தில் வெற்றிக் களையோடு, டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தேன். கமகமவென்று வாசம். உள்ளே இரண்டு ரோஜா மாலைகள், அவற்றுக்கு மேலே மல்லிகையில் தைத்த நீளமான பூச்சடை.

"இதுதான் அந்த அரிய நூலா?" என்று பேராசிரியர் மைக்கிலேயே கேட்டார்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்துவிட்டது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஒரு மாலையைக் கையில் எடுத்தேன். அதிகாரி அதைத் தனக்கென்று நினைத்து, நல்ல மனிதர், குனிந்து கழுத்தைக் கொடுத்தார். கூட்டம் கை தட்டியது. சரி, போட்டுத் தொலைப்போம் என்று நான் கையைத் தூக்கிய நேரத்தில் செல்வம் மேடைக்கு ஓடி வந்தார்.

"போட்டுறாத. அது ஒட்டன்சத்திரத்துப் பொண்ணோட கல்யாண மாலை. உன் பெட்டி மாறி அங்க போயிருச்சு."

என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவர் போனை ஊமையாக்கி வைத்திருந்தார். கல்யாண வீட்டார் அதில் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தார்கள். அதிகாரியைக் குனிந்த நிலையிலேயே விட்டுவிட்டு நாங்கள் ஓடினோம். "குட்டி யானை" வண்டியில், மடியில் மாலைப் பெட்டியோடு ஒட்டன்சத்திரம் வரை நான் செல்வத்தைத் திட்டினேன். பூ போனால் வேறு பூ, என் புத்தகம் போனால் வேறு ஏது?

மண்டப வாசலிலேயே பெண்ணின் அப்பா நின்றிருந்தார். திட்டுவார் என்று பார்த்தால் கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்குதுங்க. பொட்டியத் தொறந்தா பூவுக்குப் பதிலா நவக்கிரகப் பொஸ்தகம் இருந்துச்சுங்க. நம்ம அக்கா பாத்துட்டு, தெய்வமே வந்திருக்குது, கல்யாணம் நல்லா நடக்கும்னு சொல்லிருச்சுங்க."

"புத்தகம் எங்கங்க?" என்றேன்.

"மாலை வர்ற வரைக்கும் தாலி சபையில சுத்தட்டும்னு அனுப்பிட்டமுங்க. தேங்காய் உருளாம இருக்கோணுமில்லீங்க, அதனால அடியில வச்சிருக்குது."

எட்டிப் பார்த்தேன். ஒரு பெரிய தட்டு. அதில் என் பாதிரியார், நாலு மூலையிலும் சந்தனம் குங்குமத்தோடு. அவர் மேல் மஞ்சள் பூசிய தேங்காய், தேங்காய் மேல் தாலி. வரிசை வரிசையாக ஆட்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் புத்தகத்துக்குத் தனியாக இன்னொரு கும்பிடு போட்டார். நல்ல நேரமே கிடையாது என்று வாதாடிய மனிதர், சரியான முகூர்த்தத்தில் தாலி சுமந்து கொண்டிருந்தார். தட்டைப் பிடுங்கக் கை பரபரத்தது. தாலியோடு எப்படிப் பிடுங்குவது? நானும் வரிசையில் நின்று, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்தச் சாக்கில் முதுகுத் தையல் பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இருந்தது.

மாலை மாற்றி, தாலி கட்டி முடித்ததும் புத்தகம் என் கைக்கு வந்தது. எங்களைச் சாப்பிடாமல் விட மாட்டேன் என்றார்கள். இலையில் வடை ஆறிக்கொண்டிருக்க, நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரு புழுகூட உயிரோடு இல்லை. அன்று நான் சாப்பிட்ட பாயசத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

நல்லவேளை, விழா சாயங்காலம் வரை நீண்டது. கூட்டம் கலையும் முன் கல்லூரிக்குத் திரும்பி, பேராசிரியர் முன்னால் புத்தகத்தை வைத்தேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். தலைப்புப் பக்கம், படம், கடைசிப் பக்கம் எல்லாம் பார்த்தார். நெற்றியில் வியர்த்தது. பிறகு மைக்கைக் கேட்டு வாங்கி, "நான் சொன்னது தப்பு. இந்த அம்மாவிடம் அந்த நூல் இருக்கிறது" என்றார். சிரித்த அதே சபை எழுந்து கை தட்டியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

கீழே இறங்கியதும் அவர் ரகசியமாகக் கேட்டார். "மூலையில இந்தச் செவப்பு அடையாளம் என்னம்மா? அந்தக் காலத்து அச்சக முத்திரையா?"

"குங்குமம் சார். காலையில வச்சது."

இதையெல்லாம் செல்வம் எங்கள் சொந்தத்தில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்துவிட்டார். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் "பூ கொண்டு வந்தியா, பொஸ்தகமா?" என்றுதான் என்னை வரவேற்கிறார்கள். அந்தப் பெண் சந்தோஷமாக வாழ்கிறாள். அதற்குக் காரணம் என் புத்தகம்தான் என்று ஒட்டன்சத்திரத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அங்கே யாருக்குக் கல்யாணம் என்றாலும் புத்தகத்துக்கு அழைப்பு வருகிறது. போன மாதம் பெண்ணின் அப்பா போன் செய்தார். இளைய மகளுக்கு நிச்சயமாகியிருக்கிறது.

"நீங்க கடைய விட்டுட்டு அலைய வேண்டாமுங்க" என்றார். "பொஸ்தகத்துக்கு எந்தத் தேதி தோதுப்படும்னு மட்டும் சொல்லுங்க. அதுக்குத் தக்கன முகூர்த்தம் வச்சுக்கிறமுங்க."