நண்டுக்கறிக்கு எதிரே ஒரு கிளாஸ் ரீஸ்லிங்

வாழி கிருபாகரன்! சுவிஸ் நாட்டிலே லிம்மாத் நதி வளைந்தோடும் பாடன் நகரத்து மூன்றாம் மாடி வேந்தன், ஆலையிலே திருகாணி முடுக்கும் திண்தோளன், முதலாளி அன்பளிப்பாய்க் கொடுத்த ஒரே மாலை வகுப்பில் வைன் சாத்திரம் முழுவதையும் கரைத்துக் குடித்த ஞானச் செம்மல், யூஜினியின் கணவன், அவனே இக்காவிய நாயகன். ஜெர்மனியின் மோசல் கரைச் சரிவிலே பிறந்து, நெடுங்கழுத்துப் போத்தலுள் புகுந்து, அவன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மீன்பொதிகளுக்கிடையே தவமிருந்த ரீஸ்லிங் என்னும் வெள்ளை வைன் தேவியே, அவன் புகழ் பாட எமக்கு நாவன்மை அருள்வாய்!

அவன் சூளுரைத்ததைக் கேளுங்கள். ஞாயிற்றுப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்ற சனத்தின் நடுவே, உறைப்புக்கு உற்ற துணை சிறு இனிப்புள்ள ரீஸ்லிங்தான், பன்றிக்கும் பொருந்தும், இறாலுக்கும் பொருந்தும், நண்டுக்கறிக்கு அதைவிட்டால் வேறில்லை என்று முழங்கினான். "வாற ஞாயிறு வீட்டை வாங்கோ அத்தான், காட்டுறன்" என்று அறைகூவியும் விட்டான். அத்தான் எனப்பட்டவர் யூஜினியின் தமையன் யோசப். விஸ்கியைத் தவிர வேறெதையும் மதுவென்று ஒப்பாதவர், கிருபாகரன் வாங்கிய கார் முதல் போட்ட கோட்டு வரை எதையும் நொட்டை சொல்லாமல் விட்டறியாதவர். இதில் தோற்றால் அடுத்த பூசைக்குப் பிறகு அதே வாசலில் அவன் மானம் கப்பலேறும். அந்தக் கிழமை முழுவதும் அவனுக்கு நித்திரை சரியாக வரவில்லை.

போர்நாள் புலர்ந்தது. விடியவே எழுந்த யூஜினி நண்டைக் கழுவி உடைத்து, ஊர்க் கறித்தூளும் முருங்கையிலையும் இட்டு ஆக்கிய குழம்பின் வாசம் படையெனப் படியிறங்கி, கீழ்வீட்டுச் சுவிஸ் கிழவரின் யன்னலைச் சாத்த வைத்தது. மேசையில் மெல்லிய தண்டுக் கிளாஸ்கள் இரண்டு ஏறின. சமைத்தவளுக்கும் ஒன்று வைக்க இரு வீரருக்கும் தோன்றவில்லை. யோசப் தன் கிளாஸைத் தண்ணிச் செம்புபோல் வளைத்துப் பிடிக்க, நாயகன் பதறித் தடுத்து, தண்டையே தொடவேண்டும், அதுவும் விரல்நுனியால், கைச்சூடு பட்டால் வைன் கெடும், கறிக்கை பட்டால் மணம் சாகும் என்று பிரகடனம் செய்தான். தனக்குத் தானே குழி வெட்டுகிறோம் என்பதை அந்த மகாஞானி அறிந்தானில்லை. குடிப்பதைச் சாப்பாட்டுக்கு முன்னரே முடித்துவிடும் மரபில் வந்த யோசப், ஒரே மிடறில் கிளாஸைக் காலியாக்கித் தள்ளிவைத்தார்.

நண்டு வந்தது. செங்கவசம் பூண்டு, கொடுக்குயர்த்தி, குழம்புக் கடலிலே கிடந்த அப்பெருவீரனை ஒரு கையால் வென்றவர் உண்டோ? கிருபாகரன் இரு கையாலும் பற்றி, முறித்து, கடித்து, உறிஞ்சி, உறைப்பு உச்சந்தலைக்கேற, கண்ணீரும் மூக்குநீரும் பெருக, இதுவே தருணமென்று ரீஸ்லிங்கை நோக்கிக் கை நீட்டியபோது, பத்து விரலும் செங்குழம்பில் தோய்ந்திருக்கக் கண்டு திகைத்தான். தொட்டால் சொன்ன சொல் போகும். எழுந்து கை கழுவினாலோ சாப்பாடு முடிந்ததென்று ஆகிவிடும். கடைசியில் ஒருவாறு கைகளைத் துடைத்து, கறிமணம் அடங்கும்வரை இனி விரலில் குழம்பு படாதிருக்கக் கத்தியும் முள்ளுக்கரண்டியும் ஏந்தி மறுபடி களம் புகுந்தான். கொடுக்கொன்று துள்ளிப் பறந்து யோசப்பின் வெள்ளைச் சேட்டில் இறங்கியது.

யோசப் கோபிக்கவில்லை, அதுதான் கொடுமை. சேட்டைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார்.

"வைன் நண்டுக்குப் பொருந்துதோ எனக்குத் தெரியாது மச்சான். உனக்குப் பொருந்தேல்லை" என்றார்.

கத்தி வீழ்ந்தது. கை கழுவிய வீரர் இருவரும் உதைபந்தாட்டம் பார்க்க அடுத்த அறைக்குப் போயினர், ஒருவர் சிரித்தபடி, மற்றவன் தலைகுனிந்து.

இதுவரை பரிமாறிக்கொண்டு நின்ற யூஜினி இனித்தான் சாப்பிட உட்கார்ந்தாள். நண்டை இரு கையாலும் உடைத்து உறிஞ்சினாள். நாக்கு எரிய, முன்னால் தீண்டப்படாமல் நின்ற கணவனின் கிளாஸைக் கறிக்கையாலேயே வளைத்துப் பிடித்து ஒரு மிடறு குடித்தாள். எரிவு அடங்கியது, நண்டின் இனிப்பு மேலெழுந்தது, அடடா, பொருந்தியது! கணவன் வகுப்பிலே கேட்டுவந்தது அத்தனையும் மெய்! இந்தக் காவியத்தின் வெற்றிச் செய்தியை அறிந்தவள் அவள் ஒருத்தியே. அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. போத்தலில் மிச்சமிருந்ததையும் ஊற்றி, சோறு முடியும்வரை ஆறுதலாகக் குடித்தாள்.

"அந்த வைன் எங்கை?" என்றது அறைக்குள்ளிருந்து நாயகனின் தளர்ந்த குரல்.

"முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அவள் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.